வூஃபர் போகவில்லை, வளையம்தான் போச்சு!

பரணில் கிடக்கும் பழைய ஸ்பீக்கரை இறக்கி, முன்பக்கத் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? அடிக்குரல் ஒலி தரும் பெரிய வூஃபரின் காகிதக் கூம்பு அப்படியே இருக்கும். பின்னால் காந்தமும் திடமாக இருக்கும். ஆனால் கூம்பின் ஓரத்தைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் தொட்டால், பொடிப்பொடியாக உதிர்ந்து கையோடு வந்துவிடும்!

'ஸ்பீக்கர் அவ்வளவுதான்' என்று பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் போனது அந்த வளையம் மட்டும்தான். காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு ஃபோம் தானாகவே சிதைகிறது. பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும்.

அமெரிக்காவில் 1960-களில் வந்த ஏ.ஆர். 3ஏ என்ற மாடல் ஸ்பீக்கரை இன்றும் ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். அதில் ஃபோம் வளையம் உள்ள வூஃபர்களுக்கும் இதே கதிதான். பழுதுபார்ப்பவர் பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, புது வளையம் ஒட்டுகிறார். நுட்பமான வேலை அங்கேதான் இருக்கிறது. கூம்போடு சேர்ந்த கம்பிச்சுருள், காந்தத்தின் குறுகலான இடைவெளியில் எங்கும் உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதனால் பசை காய்வதற்குள் கனத்த அடிக்குரல் ஒலி ஒன்றைச் சன்னமாக ஓடவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு, கூம்பைச் சரியாக நடுவில் நிறுத்துகிறார்கள். என்ன அழகான கைத்தொழில்!

இப்படிச் சீரான வூஃபருக்கு நல்ல கிராக்கி. கூம்பும் சுருளும் கம்பெனியில் போட்டதே என்றால் மதிப்பு இன்னும் கூடும். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேளுங்கள்: "வளையம் மாற்றியாச்சா? சுருள் ஒரிஜினல்தானே?"