கடலுக்குள் ஒரு கண்ணாடிக் கண்

கடல் நீர் கலங்கியிருக்கிறதென்று கரையில் நிற்கும் எவரும் கூறலாம். எவ்வளவு கலங்கியிருக்கிறதென்று அளந்து கூறுவதே கடினம். 1865-ஆம் ஆண்டில் இத்தாலிய யேசுசபைக் குருவும் வானசாத்திரியுமாகிய அஞ்சலோ செக்கி என்பார், மத்தியதரைக் கடலில் ஒரு வெண்ணிறத் தட்டைக் கயிற்றிற் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். அம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் இரவில் அது பயன்படாது. பார்ப்பதற்கு ஓர் ஆளும் வேண்டும்.

ஆளில்லாத வேளையிலும் கடலைக் காவல் செய்யும் கருவியின் தத்துவம் எளிது. ஒரு புறம் விளக்கு. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் அப்பால் ஒளியை உணரும் பொறி. இடையிலுள்ள நீரிற் கலக்கம் மிக மிக, வந்து சேரும் ஒளி குறையும். நுண்பாசிகளை அறிவதற்கோ நீல ஒளியைப் பாய்ச்சுவர். அவற்றின் பச்சையம் அதனை ஏற்று, மங்கிய செவ்வொளியை உமிழும். சூரிய ஒளி குழப்பாதிருக்க, விளக்கை விட்டுவிட்டு ஒளிரச் செய்து, அத்தாளத்தோடு வரும் ஒளியை மாத்திரம் கணக்கிற் கொள்வர்.

இவ்வளவையும் அமைத்தவர்களைத் தோற்கடிப்பது எது தெரியுமா? கண்ணாடியிற் படரும் பாசி! கரையோரக் கடலிற் சில வாரங்கள் கிடந்தாற் போதும். வழுவழுப்பான படலமும், பின்னர் கொட்டலசும் பற்றிக்கொள்ளும். அப்பொழுது கருவி, பாசி பெருகிவிட்டதென்று கரைக்குச் செய்தி அனுப்பும். பெருகியது கடலிலன்று, அதன் கண்ணிலேயே! கருவி உடைந்துபோனால் உடனே தெரிந்துவிடும். சிறிது சிறிதாகப் பொய்யுரைக்கும் கருவியே ஆபத்தானதென்பது நமது எண்ணம். பொய் எச்சரிக்கைகளாற் சலித்துப்போன மீன்பண்ணைக்காரர், மெய்யான எச்சரிக்கையையும் தள்ளிவிட்டால், வளர்த்த மீன்களெல்லாம் மாண்டுபோகலாம்.

நச்சுப்பூச்சுப் பூசலாமே என்பீர்கள். நீரைச் சோதிக்கச் சென்ற கருவியே நீரைக் கெடுக்கலாமா? கண்ணாடியைச் சுற்றிச் செம்புத் தகடு பொருத்துகின்றனர். செம்பின் அருகிற் பல உயிர்கள் ஒட்டுவதில்லை. மோட்டார் வண்டியிலுள்ளது போன்ற துடைப்பானும் உண்டு. ஆனால் அது மின்கலத்தைத் தின்னும். இடையில் மணல் அகப்பட்டால் கண்ணாடியையே கீறிவிடும்.

பெருங்கடல்களில் மிதக்கும் ஆர்கோ மிதவைகள் சிலவற்றிலும் இத்தகைய கண்கள் உள. அவை பெரும்பொழுதை 1000 மீற்றர் ஆழத்து இருளிற் கழித்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை அளவில், 2000 மீற்றர் வரை இறங்கிப் பின் மேலே வரும். வெயில் படாத குளிர்நீரிற் பாசி வளர்வதரிது. ஆனால் அங்கே நீரின் அமுக்கமோ ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 200 கிலோ எடையாக அழுத்தும். அதற்கும் ஈடுகொடுக்குமாறு கண்ணாடியை அமைத்துள்ளனர். அவ்வாழத்திற் பச்சையம் இல்லையென்றே கொள்ளலாமாதலால், அங்கே கருவி காட்டும் சிறு எண்ணைக் கருவியின் பிழையெனக் கண்டு, மேலே எடுத்த அளவுகளிலிருந்து கழித்துவிடுகின்றனர்.