சைக்கிளின் சக்கரத்தை மாற்றுமுன்

கர்நாடகத்தில் கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலை, மலையடிவாரத்தைக் கடந்ததும் வளைந்து வளைந்து மேலேறுகிறது. இத்தகைய சாலையில் நடுத்தர விலையுள்ள பந்தய வகைச் சைக்கிளை ஓட்டுபவருக்கு, "சக்கரங்கள் இலேசானவையாக இருந்தால் ஏற்றம் எளிதாகுமே" என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். புதிய சக்கரங்களால் 500 கிராம் குறைந்தால், மொத்த எடையில் குறைவது 0.6 சதவிகிதமே. ஒரு மணி நேரம் பிடிக்கும் ஏற்றத்தில் அரை நிமிடம்கூட மிச்சமாகாது. சுழலும் ரிம்மின் எடை இருமடங்காகக் கணக்காகும் என்பர். வேகத்தைக் கூட்டும்போது மட்டும் அது ஏறத்தாழ உண்மை. சீரான வேகத்தில் ஏறும்போது அன்று.

டயரின் கதை வேறு. டயர் தரையில் அழுந்தி மீளும்போது, அதன் ரப்பரிலும் இழைகளிலும் சக்தி உஷ்ணமாக வீணாகிறது. உருள்தடைக் கெழு 0.008 உள்ள டயர்களை நீக்கி, 0.005 உள்ளவற்றைப் பொருத்தினால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 13 வாட் மிச்சமாகும். சாதாரண மனிதர் நெடுநேரம் தரக்கூடிய சக்தி 100 வாட் அளவினதே. ஆகவே இது பெரிய லாபம். கரடுமுரடான சாலைக்குச் சற்று அகலமான டயரும் அளவான காற்றும் ஏற்றவை. சட்டத்திலும் பிரேக்கிலும் அதற்கு இடமுண்டா என முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

இறக்கத்தில்தான் சக்கரத்தின் தரம் உயிர்காக்கும் விஷயமாகிறது. 80 கிலோகிராம் எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, ஒன்றேகால் லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சக்தி வெளிப்படுகிறது. ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். மெதுவாக இறங்குவோருக்குப் பெரும்பகுதி பிரேக்கிலேயே உஷ்ணமாகும். பிரேக் கட்டைகள் ரிம்மைப் பற்றும் அமைப்பில் அந்த உஷ்ணம் ரிம்முக்குச் செல்லும்; மிகுந்தால் டியூப் வெடிக்கவும் கூடும். கட்டைகள் உராய்ந்து பக்கச்சுவர் குழிந்துபோன ரிம்மை உடனே நீக்குக. இதுவே புதிய சக்கரம் வாங்குவதற்கு நியாயமான காரணம். பின்சக்கர ஹப்பின் அகலம் சட்டத்துக்குப் பொருந்த வேண்டும்: ரிம் பிரேக் வகையில் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர், டிஸ்க் பிரேக் வகையில் 135 அல்லது 142.

கம்பிகள் அனைத்தும் இழுவிசையோடு நிற்பதால்தான் சக்கரம் சுமையைத் தாங்குகிறது. தளர்ந்த கம்பி விரைவில் முறியும். ஆதலால், நல்ல தொழிலாளியிடம் கோட்டம் எடுத்துக் கொண்டாலே பழைய சக்கரம் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஆசிரியர்கள் இதைப் பாடமாகவே நடத்தலாம். வாகனப் போக்குவரத்தில்லாத, சற்றே சரிந்து பின் சமமாகும் பாதையில், ஒரே மாணவன் ஒரே இடத்திலிருந்து மிதிக்காமல் உருண்டு செல்லட்டும். டயரின் காற்றை மாற்றி மாற்றி, நின்ற தூரத்தை அளக்கச் செய்க. சக்தி எங்கே போகிறது என்பதை அவர்களே கண்டறிவர்.