பெருநாள் கைமாறும் விதம்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரத்தில், பத்தாம் தர மாணவர்களுக்கு “எங்கள் வீட்டுப் பெருநாள்” என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. எல்லாவற்றிலும் விடியற்காலையில் எழுந்தார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள், புத்தாடை அணிந்தார்கள், தொழுதார்கள், உறவினர் வீடுகளுக்குச் சென்று மகிழ்ந்தார்கள். எழுத்துப் பிழைகள் குறைவு. ஆனால் ஒரு கொப்பியிலும் யாருடைய வீடும் இல்லை. பெயரை மாற்றி ஒட்டினால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டேன். “பெருநாளைக்கு உங்கட வீட்டில செய்யிற, பக்கத்து வீட்டில செய்யாத ஒரு காரியத்த மட்டும் எழுதிட்டு வாங்க. தெரியாட்டி மூத்தம்மாக்கிட்டக் கேளுங்க.”

மறுநாள் வந்தவை வேறு கட்டுரைகள். ஒரு பிள்ளையின் வீட்டில் பெருநாள் சாப்பாட்டின் முதல் பீங்கான் பள்ளிவாசல் முஅத்தினுக்குப் போகிறது, மூத்தவாப்பா காலத்திலிருந்தே. கடல் தொழில் செய்யும் வாப்பா முதல் நாள் வலையைக் கழுவிக் காயவைத்து மடித்த பிறகுதான் தன் புதுச் சாரனைத் தொடுவாராம். இன்னொரு வீட்டார் தொழுகை முடிந்ததும் சுனாமியில் மௌத்தானவர்களின் கபுறடிக்குப் போய் துஆச் செய்துவிட்டுத்தான் எவர் வீட்டுக்கும் போகிறார்கள். ஒரு மகன் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தான்: “எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்ல டீச்சர். நாங்க எல்லாத்தையும் ஓடர் பண்ணுவம்.”

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு அடுக்குகள்

நமது பெருநாளில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது மார்க்கம் தந்தது. பிறை காண்பது, தக்பீர், குளிப்பு, நோன்புப் பெருநாளன்று தொழப்போகுமுன் எதையாவது உண்பது, ஹஜ்ஜுப் பெருநாளன்று தொழுத பின் உண்பது, ஒரு வழியால் போய் மறு வழியால் திரும்புவது, ஸகாத்துல் பித்ர், உழ்ஹிய்யா. இவை லண்டனிலும் அக்கரைப்பற்றிலும் ஒன்றுதான். இவற்றைக் காக்கப் பள்ளிவாசலும் மத்ரஸாவும் கிதாபுகளும் குத்பாவும் இருக்கின்றன.

இரண்டாவது ஊரும் வீடும் தந்தது. தலைப்பிறை இரவில் மருதோன்றி அரைத்துக் கையில் வைப்பது, வட்டிலப்பமும் தொதலும், சின்னவர்களுக்குப் பெருநாள் காசு, ஹஜ்ஜுப் பெருநாளில் மாமரத்தில் கட்டிய ஊஞ்சல், காலி, பேருவளைப் பக்கங்களில் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது. வட்டிலப்பம் மலாயர் வழியாக நமக்கு வந்தது என்பது பரவலான கருத்து. இன்று அது இல்லாத பெருநாளை நினைத்துப் பார்ப்பார் இல்லை. இந்த அடுக்கைக் காக்க நிறுவனம் எதுவும் கிடையாது. வீடுதான் அதற்கு மத்ரஸா.

இரண்டும் எப்போதும் தனித்தனியாக நிற்பதில்லை. பித்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன் உரியவர் கைக்குப் போக வேண்டும் என்பது மார்க்கம். அந்த அரிசியைப் பையில் கட்டிப் பிள்ளைகளின் தலையில் வைத்து, “கடப்படியில நிண்டு கூப்பிடு, கையில குடுத்திட்டு ஸலாம் சொல்லிட்டு வா” என்று அனுப்பியது எங்கள் வீட்டு வழக்கம். பித்ரா யாருக்கு, ஏன் என்று கிதாபில் படிக்குமுன், நாலு குறிச்சிக்குள் யாருடைய அடுப்பு எரியவில்லை என்பதை நாங்கள் கால் நடையில் படித்தோம். இப்போது அது பெரும்பாலும் காசாகவோ மொத்தமாகவோ போகிறது. கடமை நிறைவேறுகிறது, ஆனால் பிள்ளை அந்தக் கடப்படியில் நிற்பதில்லை.

வழக்கம் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு மனநிலை கடந்த சில பத்தாண்டுகளில் நம் ஊர்களில் வளர்ந்திருக்கிறது. மார்க்கத்துக்கு முரணானதை விடத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் ‘அல்ஆதது முஹக்கமா’, அதாவது வழக்காறு தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது பிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. முரண்படாத நல்ல வழக்கத்துக்கு மார்க்கம் இடம் தருகிறது. ஊஞ்சல் கட்டுவதையும் மருதோன்றி வைப்பதையும் வணக்கம் என்று எவரும் சொல்லவில்லை. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட, நபிகளார் (ஸல்) அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுக்கு அதைக் காட்டிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. பெருநாளின் மகிழ்ச்சி மார்க்கத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றல்ல.

வளவுக்குள் ஓடிய வழி

கிழக்கிலங்கையில் இந்த இரண்டாவது அடுக்கு எப்படிக் கைமாறியது என்பதை விளங்கிக்கொள்ள, நமது குடியிருப்பு முறையைப் பார்க்க வேண்டும். குடி தாய்வழியில் வருகிறது. மகளுக்குச் சீதனமாக வீடு போகிறது. மணமகன் மணமகள் வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்குத் தம் வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் அடுத்த மகளுக்காக இன்னொரு வீடு கட்டிக்கொண்டு நகர்கிறார்கள். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். சீதன வீட்டினால் வந்த நெருக்கடிகளும் கண்ணீரும் வேறு கதை, அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் அதன் ஒரு விளைவு, உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் சாச்சியும் ஒரே வேலிக்குள் வாழ்ந்தது. ஐந்து குசினிகளின் புகை ஒரே முற்றத்தில் கலந்தது.

அங்கே யாரும் யாருக்கும் பெருநாளைக் கற்பிக்கவில்லை. வேலை இருந்தது, வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, ஆறு வயதுப் பிள்ளையும் ஆளாகக் கணக்கெடுக்கப்பட்டது. ஏலக்காய் உரிப்பது ஆறு வயதுக்காரிக்கு. தேங்காய் துருவுவது பத்து வயதுக்கு. மா வறுக்கும்போது பக்கத்தில் நின்று மணம் பார்ப்பது பன்னிரண்டுக்கு. மருதோன்றி இலை பறிப்பதும் பித்ரா கொண்டுபோவதும் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஒவ்வொரு வருடமும் வேலையில் ஒரு படி ஏறும். இருபது வயதில் கையில் ஒரு முழுப் பெருநாள் இருக்கும்.

என் வாதம் இவ்வளவுதான். பாரம்பரியம் சொல்லிக் கொடுப்பதால் கைமாறுவதில்லை, வேலை கொடுப்பதால் கைமாறுகிறது. விருந்தாளியாக மட்டும் இருந்த பிள்ளைக்குச் சாப்பாட்டின் ருசி நினைவிருக்கும், சமைக்கத் தெரியாது.

எங்கே அறுந்தது

அறுந்த இடங்கள் பல. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது வளவுகளே போயின. பெரும்பாலோர் புத்தளத்துக்கு வந்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்துப் பெருநாளும் மன்னார்ப் பெருநாளும் உம்மா வாயால் கேட்டவைதான். 2004 டிசம்பரில் கல்முனைக் கரையோரத்தில் ஒரே காலையில் மூத்தம்மாமாரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே போனார்கள். வளைகுடா வேலை பல வீடுகளில் வாப்பாவின் பெருநாளை ஒரு தொலைபேசி அழைப்பாக்கிற்று. இவையெல்லாம் நம் மீது விழுந்தவை.

நாமாகவே அறுத்த இடமும் ஒன்று உண்டு. அதற்குச் சாட்சி நான்.

நான் வீட்டில் மூத்தவள். உயர்தரம் எடுத்த காலம், பிறகு பல்கலைக்கழகக் காலம், தலைப்பிறை இரவில் குசினிப் பக்கம் போனாலே உம்மா விரட்டுவா. “நீ போய்ப் படி மகள். இதெல்லாம் நான் பாத்துக்கிறன்.” அவவுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. என் கையில் கரி படக்கூடாது, மை பட வேண்டும் என்பது அவவுடைய ஆசை. அந்த ஆசையில்தான் நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றேன். அதற்கு நன்றிக்கடன் தீராது. ஆனால் நாட்டார் வழக்காற்றியல் வினாத்தாளுக்கு விடை எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில், என் வீட்டு வழக்காறு சுவருக்கு அப்பால் வெந்துகொண்டிருந்தது.

உம்மா மௌத்தான பின் வந்த முதல் பெருநாளில் நானும் தங்கச்சியும் வட்டிலப்பம் வைத்தோம். அளவெல்லாம் சரி. முட்டை, கித்துள் கருப்பட்டி, முதற்பால், ஏலம். இறக்கிப் பார்த்தால் மேலெல்லாம் தண்ணீர் தேங்கிக் குழிகுழியாக இருந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். அடுத்த வீட்டுச் சாச்சி வந்து பார்த்தா. “மூடிக்குக் கீழ துணி கட்டினீங்களா புள்ள? ஆவித் தண்ணி சொட்டாதா?”

உம்மா அதை யாருக்கும் சொன்னதில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய ஒன்றாக அவவுக்குத் தோன்றியிருக்காது. பக்கத்தில் நின்றவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். நான் பக்கத்தில் நிற்கவில்லை. அன்று நானும் தங்கச்சியும் அழுதது வட்டிலப்பத்துக்காக அல்ல.

முப்பத்துமூன்று வருடக் கணக்கு

ஹிஜ்ரி வருடத்துக்கு 354 நாட்கள், சில வருடங்களில் 355. ஆகவே பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது. முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய பருவத்துக்கே திரும்ப ஏறத்தாழ 33 வருடங்கள். ஒரு பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளைக்கு விரல் பிடித்துக் கொடுக்கும் காலம் அது.

1995, 1996 வருடங்களில் நோன்புப் பெருநாள் மார்ச் தொடக்கத்திலும் பெப்ரவரி கடைசியிலும் வந்தது. அம்பாறைக் கரையோரத்தில் அது மாரிப்போக அறுவடைக் காலம். வட்டையில் சூடடிப்பு நடக்கும். நோன்போடு வாப்பா களவெட்டியில் நிற்பார். அந்த இரு வருடமும் புது நெல்லுக் குத்திய அரிசியிலேயே பித்ராக் கொடுத்தோம், வயற்காரனின் பிள்ளைகளுக்கும் எங்களோடு சேர்த்தே உடுப்பு எடுத்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் பெருநாள் அறுவடையை விட்டு விலகிப்போனது, அந்த வழக்கமும் மறைந்தது.

2028இல் நோன்புப் பெருநாள் மறுபடியும் பெப்ரவரி இறுதிக்கு வருகிறது. அறுவடைப் பெருநாள் திரும்பி வரும்போது, அதை அடையாளம் காண வீட்டில் யாராவது இருக்க வேண்டும். 1995இல் பெரியவர்களாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். கேட்பதற்கு நமக்கு உள்ள காலம் அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்

முதலாவது, எழுதி வைப்பது நல்லது, ஆனால் போதாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்து அச்சில் தந்திராவிட்டால் பல மறைந்தே போயிருக்கும். அந்தப் பாடல்களை வகுப்பில் படிக்கிறோம். ஆனால் ஊஞ்சல் கயிறு கட்ட ஆளில்லாவிட்டால் பாட்டு புத்தகத்திலேயே இருக்கும். ஆகவே கேட்டு எழுதுங்கள், போனில் குரலைப் பதியுங்கள், பிறகு ஒரு தரமாவது செய்து பாருங்கள்.

இரண்டாவது, எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஐந்து பலகாரம் செய்த வீட்டில் ஒன்றைச் செய்தால் போதும். மீதியைக் கடையில் வாங்குவதில் குற்றமில்லை. அந்த ஒன்றைப் பிள்ளைகளோடு செய்யுங்கள்.

மூன்றாவது, பழைய பெருநாள் பெண்களின் தூக்கத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். மற்றவர்கள் தக்பீர் கேட்டு எழும்பும்போது உம்மாமார் இன்னும் படுத்திருக்கவேயில்லை. அந்தப் பாரத்தை அப்படியே மகள்மாரின் தலையில் ஏற்றுவது பாரம்பரியம் காப்பதாகாது. மகனுக்கும் அகப்பை பிடிக்கத் தெரிய வேண்டும். வாப்பாவுக்கும் தேங்காய் துருவத் தெரியும், மறந்த மாதிரி இருப்பார்.

நான்காவது, தூரத்தில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுங்கள். என் தம்பி கட்டாரில் இருக்கிறான். பெருநாள் காசு யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் அவன் பொறுப்பு. முன்பு வாப்பா கையால் எழுதியது அது. ஒரு வாரத்துக்கு முன்பே மருமக்களின் பெயரைக் கேட்டு வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிவிடுவான். புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் பெயரை ஒரு தரம் நாங்கள் மறந்தோம், அவன் மறக்கவில்லை.

ஐந்தாவது, ஆசிரியர்களுக்கு. பெருநாள் கட்டுரையைக் கொடுங்கள், ஆனால் வீட்டுக்குப் போய்க் கேட்டு வரும் கேள்வியோடு கொடுங்கள். “ஓடர் பண்ணுவம்” என்று எழுதிய மகனிடம், அந்த ஓடரில் ஒன்றைக் குறைத்து வீட்டில் செய்து பார்க்கச் சொன்னேன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வந்தவன், “டீச்சர், கஞ்சி அடிப்பிடிச்சிப் போச்சி, ஆனா மூத்தம்மா சிரிச்சிச் சிரிச்சிக் குடிச்சா” என்றான். அடுத்த வருடம் அடிப்பிடிக்காது.

என் மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தலைப்பிறை இரவு குசினி வாசலில் வந்து நின்றாள். “நீ போய்ப் படி மகள்” என்ற வார்த்தை உம்மாவின் குரலிலேயே என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“தம்பியையும் கூட்டிட்டு வா,” என்றேன். “மூடிக்குத் துணி கட்ட வேணும்.”