பிரபுவை மீண்டும் தேர்ந்தெடுத்த தொகுதி

இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிரிஸ்டலில் ‘பிரிஸ்டல் தென்கிழக்கு’ என்ற நாடாளுமன்றத் தொகுதி 1950இல் உருவாகி 1983இல் மறைந்தது. அதன் முதல் உறுப்பினர் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். 1942இல் தூதுக்குழுவோடு இந்தியாவுக்கு வந்தாரே, அவரேதான். உடல்நலம் குன்றி 1950இலேயே அவர் விலக, நவம்பர் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் 25 வயது அந்தோணி வெட்ஜ்வுட் பென் வென்றார். அடுத்த மூன்று பொதுத்தேர்தல்களிலும் தொகுதி அவர் கையை விட்டுப் போகவில்லை.

சிக்கல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பென்னின் தந்தை முன்னாள் இந்திய விவகார அமைச்சர். அவருக்கு 1942இல் ‘ஸ்டான்ஸ்கேட் பிரபு’ பட்டம் கிடைத்தது. மூத்த மகன் போரில் இறந்திருந்ததால், 1960 நவம்பரில் தந்தை காலமானதும் பட்டம் பென்னின் தலையில் விழுந்தது. அன்று பிரபுவுக்கு மக்களவையில் இடமிருக்கவில்லை. பட்டம் வேண்டாம் என்று சொல்லவும் சட்டத்தில் வழியிருக்கவில்லை.

1961 மே 4 அன்று நடந்த இடைத்தேர்தலில், பதவி பறிபோன பென்னே மீண்டும் நின்றார். அவருக்குத் தகுதியில்லை என்று வாக்காளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அப்படியும் அவருக்கு 23,275 வாக்குகள். கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. வென்று அவைக்குப் போனவரை வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. தகுதியற்றவர் என்று தெரிந்தே போட்ட வாக்குகள் வீண் என்று ஜூலையில் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, தோற்றவர் உறுப்பினரானார். வேடிக்கை என்னவென்றால், செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசு!

தொகுதி மக்களின் பிடிவாதத்தை அரசால் நெடுநாள் ஒதுக்க முடியவில்லை. பரம்பரைப் பட்டத்தைத் துறக்க இடம்தரும் சட்டம் 1963 ஜூலை 31 மாலை ஆறு மணிக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. 6.22க்கு பென் பட்டத்தைத் துறந்தார். அந்தச் சட்டப்படி துறந்தவர்களில் அவரே முதல்வர். செயின்ட் கிளேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பதவி விலகினார். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார். சட்டத்தால் பெரிய லாபம் அடைந்ததோ பென்னின் எதிரணிக்காரர்: அக்டோபரில் ஹோம் பிரபு பிரதமராகி, அதே வழியில் பட்டத்தை விட்டு மக்களவைக்கு வந்தார்.

1983 எல்லைச் சீரமைப்பில் தொகுதி கலைக்கப்பட்டது. பிரிஸ்டல் கிழக்கில் நின்ற பென் தோற்றுப்போய், மறு ஆண்டு செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தல் வழியாக அவைக்குத் திரும்பினார்.