மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்றாகவே

கணினி என்பது எண்களைக் கூட்டிப் பெருக்கும் பொறி என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் பாடசாலையில் அட்சரகணிதம் என்ற பெயரில் கற்பிக்கப்படுவதை, அதாவது எழுத்துக்களை எழுத்துக்களாகவே வைத்துக்கொண்டு கோவைகளை விரித்தல், காரணிப்படுத்தல், சமன்பாடு தீர்த்தல், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கணினிகள் செய்து வருகின்றன. இவ்வகைக் கணிப்புக்குக் குறியீட்டுக் கணிதம் என்று பெயர். சாதாரணக் கணிப்பான் 8இன் வர்க்கமூலத்தைக் கேட்டதும் 2.8284271 என்று தொடங்கும் ஒரு தசமத்தைத் தந்து, எங்கோ ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. குறியீட்டுக் கணித மென்பொருளோ 2√2 என்று விடைதந்து அதையே அடுத்த வரிக்கும் எடுத்துச் செல்கிறது. முன்னது கிட்டிய பெறுமானம், பின்னது செப்பமான பெறுமானம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வரியில் தெரிவதில்லை, ஐம்பது வரிகள் சென்றபின்பே தெரியும்.

இந்தத் தேவை கணினிக்கு முற்பட்டது. சந்திரனின் நிலையைக் காட்டும் சூத்திரத்தைப் பிரெஞ்சு வானியலாளர் சார்ள் டெலோனே ஏறத்தாழ 20 ஆண்டுகள் கையாலேயே கணித்து, 1860இலும் 1867இலும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1970இல் டெப்ரி, ஹென்ரார்ட், ரோம் ஆகிய மூவர் அதே கணிப்பைக் கணினியில் மறுபடி செய்தபோது அது ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடிந்ததோடு, அத்தனை பக்கங்களிலும் ஒருசில பிழைகளே இருந்தன என்பதும் புலப்பட்டது. கணினியின் வேகத்தைவிட டெலோனேயின் கவனமே இதில் வியப்புக்குரியது என்று சொல்லத் தோன்றுகிறது. அதே காலத்தில், 1968இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மக்சிமா என்ற இன்றைய இலவச மென்பொருளின் மூதாதையான மக்சைமா உருவாகத் தொடங்கியது. இன்று பரவலாகப் பயன்படும் சிம்பை, பைத்தன் நிரல்மொழியில் எழுதப்பட்டது. செக் நாட்டவரான ஒன்ட்ரே செர்டிக் தொடங்கி வைத்த இத்திட்டத்தில் பின்னர் பல நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உழைத்திருக்கின்றனர். இதை எவரும் விலையின்றிப் பெறலாம், நிறுவியபின் இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. ஆகையால் சமிக்ஞை மலைக்குன்றுகளுக்கிடையே வந்து போகும் தோட்டப்புறங்களிலும் பழைய கணினியொன்று இருந்தால் போதும்.

சிம்பையோடு பேசுவதற்கான வாசலே ஐசிம்பை எனப்படும் கட்டளைவரி. கட்டளைவரி என்பது படங்களோ பொத்தான்களோ இல்லாத ஒரு வெற்றுச் சாளரம். அதில் ஒரு வரி தட்டெழுதி நுழைவு விசையை அழுத்தினால், கணினி அதை வாசித்து, மதிப்பிட்டு, விடையை அச்சிட்டு, அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். ஐசிம்பை திறக்கும்போதே எக்ஸ், வை, ஸெட், டீ ஆகிய நான்கையும் மாறிகளாகவும், கே, எம், என் ஆகியவற்றை நிறைவெண்களாகவும், எஃப், ஜீ, எச் ஆகியவற்றைச் சார்புகளாகவும் தானே அறிவித்துவிடுவதால், பயனர் முதல் வரியிலேயே கணக்குக்குள் இறங்கிவிடலாம். விடையும் ஒரே வரியில் நெருக்கி எழுதப்படாமல், பின்னத்துக்குக் கோடும் அடுக்குக்கு மேலேறிய எண்ணுமாக, கொப்பியில் எழுதுவது போலவே தோன்றும்.

சப்ரகமுவையின் தோட்டங்களிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுக்கலாம். கேகாலை மாவட்டம் இறப்பருக்குப் பேர்போனது. பால்வெட்டிச் சேகரித்த இறப்பர்ப்பால் தொழிற்சாலைக்கு வந்ததும், அதில் உலர் இறப்பர் எத்தனை வீதம் என்பதை மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியால் அளந்து, ஷீட் உறைய வைப்பதற்கு முன் நீர் சேர்த்து அவ்வீதத்தை ஏறத்தாழ 12.5ஆகக் குறைப்பது வழக்கம். நீர் சேர்ப்பதால் இறப்பரின் அளவு மாறுவதில்லை. ஆகவே செறிவையும் பாலின் அளவையும் பெருக்கினால் வருவது, இலக்குச் செறிவையும் பாலும் நீரும் சேர்ந்த அளவையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். பைத்தனின் மூன்றாம் பதிப்பு 2008இல் வெளிவந்த நாள் தொட்டு மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட முடிவதால், பால், நீர், செறிவு, இலக்கு என்ற நான்கு சொற்களையும் குறியீடுகளாக அறிவித்து, இச்சமன்பாட்டை நீருக்காகத் தீர்க்கும்படி சொல்வ் என்ற கட்டளையைக் கொடுக்கலாம். செறிவிலிருந்து இலக்கைக் கழித்து, இலக்கால் வகுத்து, பாலால் பெருக்கு என்ற பொருள்படும் கோவை மறுவரியில் வந்து நிற்கும். இதில் இன்னும் ஓர் எண்ணும் நுழையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. செறிவுக்கு 30ஐயும் இலக்குக்கு 12.5ஐயும் பிரதியிட்டால் நீர் பாலின் 1.4 மடங்கு, அதாவது 100 லீற்றர் பாலுக்கு 140 லீற்றர். செறிவு 35 எனில் 180 லீற்றர். அதே சமன்பாட்டைச் செறிவுக்காகத் தீர்க்கச் சொன்னால், ஊற்றிய நீரின் அளவிலிருந்து பாலின் தரத்தைப் பின்னோக்கி அறியும் சூத்திரம் கிடைக்கும். அட்டவணை ஒரு கேள்விக்கு மட்டுமே விடை வைத்திருக்கிறது, சமன்பாடு எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் விடை சொல்கிறது.

கட்டளைவரியின் உண்மையான சிறப்பு, ஒரு விடை அடுத்த கேள்வியைத் தூண்டும் இடத்தில்தான் வெளிப்படுகிறது. எக்ஸின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்த கோவையை ஃபக்டர் கட்டளையால் காரணிப்படுத்தினால் எக்ஸ் சய ஒன்று, எக்ஸ் சக ஒன்று என்ற இரு காரணிகள் வருவதைச் சாதாரண தர மாணவர் எவரும் அறிவர். அடுக்கை 3ஆக, 4ஆக, 5ஆக உயர்த்திக்கொண்டே போனால் காரணிகள் நீண்டும் குறுகியும் வந்தாலும், அவற்றின் உறுப்புகளுக்கு முன்னால் நிற்கும் குணகங்கள் 1, பூச்சியம், சய 1 என்ற மூன்றுக்குள்ளேயே அடங்குகின்றன. மேல்நோக்கி அம்பு விசையை அழுத்தினால் முந்தைய வரி மீண்டும் வரும், எண்ணை மட்டும் மாற்றி நுழைவு விசையைத் தட்டினால் போதும். பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று போனாலும் ஒழுங்கு மாறுவதில்லை, இது என்றென்றைக்குமான விதி என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் அடுக்கு 105ஐ எட்டியதும், வந்து விழும் எட்டுக் காரணிகளில் 48ஆம் படியைக் கொண்ட மிக நீண்ட காரணியில், எக்ஸின் 41ஆம் அடுக்குக்கு முன்னாலும் 7ஆம் அடுக்குக்கு முன்னாலும் சய 2 என்ற குணகம் தோன்றுகிறது. 105 என்பது 3, 5, 7 என்ற மூன்று வெவ்வேறு ஒற்றை முதன்மை எண்களின் பெருக்கம். அவ்வாறு அமையும் எண்களில் அதுவே மிகச் சிறியது என்பது தற்செயலன்று. நூற்று நான்கு தடவை உண்மையாயிருந்த ஒன்று நூற்றைந்தாவது தடவை பொய்யாவதை, கையால் காரணிப்படுத்தும் எவரும் தம் கண்ணால் காணும்வரை பொறுத்திருக்கமாட்டார். கட்டளைவரியில் அதற்குக் கால்மணி நேரம் போதும். நிறுவல் என்ற ஒன்றைக் கணிதம் ஏன் விடாப்பிடியாகக் கேட்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

புதிதாக வருவோர் இடறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, தலைப்பில் சொன்ன மூன்றில் ஒன்றே: கட்டளைவரியில் ஒன்றை மூன்றால் வகுத்து எழுதினால், சிம்பை அதைப் பார்ப்பதற்கு முன்பே பைத்தன் முந்திக்கொண்டு 0.333 என்று தசமமாக்கிவிடும். பின்னம் பின்னமாகவே இருக்க வேண்டுமானால் ரஷனல் என்ற கட்டளையால் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கொடுக்க வேண்டும். மேலே சொன்ன இறப்பர்க் கணக்கிலும் 12.5ஐ இரண்டின் கீழ் 25 என்று இவ்வழியே கொடுத்தால் விடை 1.4 என்று வராமல் ஐந்தின் கீழ் ஏழு என்று வரும். பெருக்கற்குறியை விட்டு இரண்டு எக்ஸ் என்று சேர்த்தெழுதினால் பிழைச்செய்தி வரும். அடுக்குக்கு இரட்டை நட்சத்திரக்குறி இட வேண்டும். சமக்குறியோ சமன்பாட்டைக் குறிக்காமல் பெயர்சூட்டுவதையே குறிக்கும் என்பதால் சமன்பாட்டுக்குத் தனிக் கட்டளை இருக்கிறது.

இன்னொரு இடறல், பொறியின் தவறன்று, பழக்கத்தின் தவறு. எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டால் எக்ஸ் என்ற விடையையே பலரும் எதிர்பார்ப்பர். சிம்பை அதைச் சுருக்க மறுத்து அப்படியே திருப்பித் தரும். எக்ஸ் சய 3ஆக இருந்தால் விடை 3 அல்லவா? எக்ஸ் மெய்யெண் என்று அறிவித்தால் அதன் மட்டு வரும், நேரெண் என்று அறிவித்தால் மட்டுமே எக்ஸ் வரும். அவசரத்தில் கொப்பியில் விட்டுவிடும் நிபந்தனையைப் பொறி விடுவதில்லை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ்மொழிமூலத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகள் மிகச் சிலவே. இணைந்த கணிதம் கற்க விரும்பும் தோட்டத்து மாணவர் பலர் வேறு மாவட்டம் செல்கின்றனர், அல்லது வேறு பிரிவைத் தெரிகின்றனர். ஆசிரியர் இல்லாத குறையை ஒரு கட்டளைவரி தீர்த்துவிடும் என்பது வெறும் பேச்சு. அது விடையைத் தருகிறதே தவிர, படிமுறையைப் பரீட்சகர் எதிர்பார்க்கும் வகையில் எழுதிக் காட்டுவதில்லை. ஆனால் விடைப்பகுதி இல்லாத பழைய வினாத்தாள் ஒன்றைத் தனியே இருந்து செய்யும் மாணவருக்கு, தொகையிட்டு வந்த விடை சரிதானா என்று இரவு பத்து மணிக்குக் கேட்டறிய ஓர் இடமிருப்பது சிறிய காரியமன்று. தொகையிட்ட விடையை மீண்டும் வகையிடச் சொல்லி, தொடங்கிய கோவை திரும்பி வருகிறதா என்று பார்ப்பது இதற்கு நல்ல வழி. இரு விடைகள் வேறு வடிவில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துச் சுருக்கச் சொல்ல வேண்டும். பூச்சியம் வந்தால் இரண்டும் ஒன்றே. பூச்சியம் வராமல் வெறும் எண்ணொன்று எஞ்சினாலும் கலங்க வேண்டியதில்லை: தொகையிடலில் வரும் எதேச்சை மாறிலியைச் சிம்பை எழுதுவதே இல்லை, அதை விடைத்தாளில் மாணவர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.