சளி மாத்திரை வாங்கும் முன் ஒரு வார்த்தை

மழைக்காலம் வந்து விட்டால் மும்பையில் மூக்கடைப்பு இல்லாத வீடு இல்லை. மின்சார ரெயில் நெரிசலில் ஒருவர் தும்மினால், பெட்டியில் இருக்கும் பலருக்கும் அதில் பங்கு உண்டு.

"சர்தி கா கோலி தோ."

இந்தி அதிகம் தெரியாத நம்மவர்களுக்கும், மருந்துக் கடையில் கேட்க இந்த நான்கு சொற்கள் தெரியும். கடைக்காரர் அட்டையில் இருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுப்பார். ஒன்றைப் போட்டுக் கொண்டு வேலைக்குக் கிளம்பி விடுகிறோம். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போய் விடுமே!

ஆனால் அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்கு ஆகாது என்று தெரிந்து கொள்வது அவசியம்.

ஒரு மாத்திரை, பல மருந்து

சளி மாத்திரை என்பது பெரும்பாலும் ஒரே மருந்து அல்ல. காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் பாரசிட்டமால், தும்மலுக்கும் மூக்கு ஒழுகுவதற்கும் குளோர்பெனிரமின் அல்லது செட்டிரிசின், மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின். இப்படி இரண்டு, மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். சிலவற்றில் காபியில் உள்ள கபீனும் உண்டு.

மூக்கு அடைப்பதற்குக் காரணம் சளி மட்டும் அல்ல. மூக்கின் உள்தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்தோல் வீங்கி, மூச்சு செல்லும் வழியை அடைத்து விடுகிறது. பினைலெப்ரின், சூடோஎபிட்ரின் போன்ற மருந்துகள் அந்தக் குழாய்களைச் சுருங்க வைப்பவை.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. வாய் வழியாக விழுங்கிய மருந்து மூக்குக்கு மட்டும் போவதில்லை. உடல் முழுவதும் போகிறது. மற்ற இடங்களிலும் ரத்தக் குழாய்கள் சுருங்கலாம். ரத்த அழுத்தம் ஏறலாம். சிலருக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது.

யாருக்கு ஆகாது?

ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சர்க்கரை நோய், தைராய்டு மிகுதி, கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீர் கட்டிக் கொள்ளலாம். மன நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவற்றில் சில மருந்துகளோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறி விடும்.

சளி மாத்திரை சாப்பிடுவதற்காக, தினமும் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையைச் சிலர் நிறுத்தி விடுகிறார்கள். அது பெரும் தவறு.

பலன் உண்டா?

இவ்வளவு எச்சரிக்கையோடு சாப்பிடும் மருந்து மூக்கையாவது திறக்கிறதா? விழுங்கும் பினைலெப்ரினின் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்து போகிறது. வாய் வழியாகச் சாப்பிடும் பினைலெப்ரினால் மூக்கடைப்பு தீருவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகக் கூறியது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகளில் இருந்து அதை நீக்கி விடலாம் என்ற யோசனையை அந்தத் துறை 2024 நவம்பரில் வெளியிட்டது.

நம் நாட்டிலும், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் அறவே கூடாது.

இரட்டிப்பு ஆபத்து

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு மாத்திரை என்று இரண்டு வாங்குகிறோம். இரண்டிலும் பாரசிட்டமால் இருந்தால் அளவு இரட்டிப்பாகி விடும். உடல் நலமுள்ள பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், போகக் கூடாது. மிஞ்சினால் கல்லீரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவே அதிகம்.

குளோர்பெனிரமின் தூக்கத்தைக் கொண்டு வரும். வண்டி ஓட்டுகிறவர்கள், எந்திரத்தில் வேலை செய்கிறவர்கள், கட்டிட வேலையில் சாரத்தின் மீது நிற்கிறவர்கள் அதைப் போட்டுக் கொண்டு வேலைக்குப் போவது உயிரோடு விளையாடுவது ஆகும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கடையில் என்ன சொல்வது?

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் சொல்ல வேண்டியது: "முஜே பி.பி. ஹை." இருதய நோய் இருந்தால்: "தில் கி பீமாரி ஹை." தூக்கம் வருமா என்று கேட்க: "இஸ்ஸே நீந்த் ஆயேகி க்யா?"

அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் உள்ள பகுதியையே கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை படித்துச் சொல்லும்.

வீட்டில் செய்யக் கூடியது

சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாளில் தானே தணியும். ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பு கரைத்து, மூக்கில் சில சொட்டு விடலாம். இந்த நீரை அன்றன்று புதிதாகத் தயாரிக்க வேண்டும். தலையைச் சற்று உயர்த்திப் படுக்கலாம். ஆவி பிடித்தால் சிறிது சுகம் கிடைக்கும். ஆனால் ஒற்றை அறை வீட்டில் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்தால் குழந்தைகள் வெந்து விடுவார்கள். கவனம்!

கடையில் விற்கும் மூக்கு சொட்டு மருந்து உடனே கேட்கும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னிலும் அதிகமாகும்.

பத்து நாள் ஆகியும் குறையாவிட்டாலோ, கடும் காய்ச்சல், முகத்தில் வலி இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை சாப்பிட்ட பின் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று கடும் தலைவலி, பார்வை மங்கல் ஏற்பட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

ஊரை விட்டு வந்த பிறகு ரத்த அழுத்தத்தை ஒரு முறையாவது பார்த்துக் கொண்டீர்களா? நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அடுத்த சளி மாத்திரையை வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துக் கொள்ளுங்கள். மூக்கடைப்பு நாலு நாளில் போய் விடும். உங்கள் மணியார்டரை எதிர்பார்த்து ஊரில் இருப்பவர்களுக்கு நீங்கள் நெடுநாள் வேண்டும்.