மருந்தைத் தின்னும் புகை

மாணவர்களே, நொதிகளைப் பற்றி உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். சிகரெட் புகை நம் உடலின் நொதி ஒன்றைத் தூண்டி, உட்கொண்ட மருந்தின் பலனையே குறைத்துவிடும் என்பது தெரியுமா? ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இது பெரிய சிக்கல்.

இல்லாத குரல்கள் காதில் கேட்பது, காரணமின்றிப் பிறரைச் சந்தேகிப்பது, சிந்தனை குழம்புவது ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். மருந்தால் இதைக் கட்டுப்படுத்தலாம். ஜொகூர் பாரு, தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை மனநலச் சிகிச்சைக்கென்றே அமைந்தது.

ஏன் புகைக்கிறார்கள்?

பல நாடுகளில் இந்நோயாளிகளிடையே புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். உள்ளிழுத்த நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை அடைந்து, டோப்பமினைச் சுரக்கச் செய்கிறது. கவனம் கூடியது போலவும், மனம் லேசானது போலவும் சிறிது நேரம் தோன்றும்.

ஆனால், மூளை மட்டுமே காரணமன்று. சென்னை மருத்துவர்கள் சீனிவாசனும் தாராவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுள்ள ஆண்களில் 38 விழுக்காட்டினரே புகைத்தனர். இது இந்தியாவின் மற்ற ஆண்களைவிட அதிகமன்று. கையிலுள்ள காசு, குடும்பத்தின் கட்டுப்பாடு போன்ற சூழலுக்கும் இதில் பங்குண்டு.

கல்லீரலில் நடப்பது என்ன?

புகையிலை எரியும்போது தார் உண்டாகிறது. அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதியைப் பெருக்குகின்றன. குளோசபைன், ஓலன்சபைன் ஆகிய மருந்துகளைச் சிதைப்பது இந்த நொதிதான். ஆகவே, புகைப்பவரின் இரத்தத்தில் மருந்து விரைவாகக் குறைகிறது. மருத்துவர் அதிக மருந்து கொடுக்க வேண்டியுள்ளது.

அவர் திடீரெனப் புகைப்பதை நிறுத்தினால்? நொதி குறையும். அதே அளவு மருந்து சில நாள்களில் இரத்தத்தில் மிகுந்துவிடும். கடும் தூக்கக் கலக்கம், சில வேளை வலிப்புகூட வரலாம். அதனால், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் மருந்தின் அளவைச் சரிசெய்வார். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையில் தார் இல்லாததால் அது இந்த நொதியைத் தூண்டாது.

நாம் செய்யக்கூடியது

“சிகரெட்டை விட்டால் நோய் முற்றிவிடும்” என்று சிலர் அஞ்சுவார்கள். சுமார் 8,000 பேர் பங்கேற்று 2016-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். புகையை விட உதவும் மருந்துகள் அவர்களின் மனநிலையைக் குறிப்பிடத்தக்க அளவில் மோசமாக்கவில்லை.

இந்நோயாளிகளின் ஆயுளை அதிகம் குறைப்பவை இதய, நுரையீரல் நோய்களே. உறவினர் யாருக்கேனும் இந்நோய் இருந்தால், சமாதானப்படுத்த சிகரெட் வாங்கித் தராதீர்கள்; திட்டி நிறுத்தவும் முயலாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவரின் துணையோடு அவர் அதைக் கைவிட உதவுங்கள்.